சாவி கொடுக்க யார் வருவார்கள்?

உங்கள் வீட்டில் இருக்கும் பொருள்களில் எது இன்னும் நூறு ஆண்டுக்கு உழைக்கும்? கைப்பேசிக்கு மூன்று ஆண்டு என்றாலே பெரிது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பத்தோ பன்னிரண்டோ ஆண்டு. அவ்வளவு ஏன், வீவக வீட்டின் குத்தகையே 99 ஆண்டுதான். இந்தக் கணக்குக்குப் பழகிவிட்ட நமக்கு, பத்தாயிரம் ஆண்டு ஓட வேண்டும் என்று சிலர் ஒரு கடிகாரம் செய்கிறார்கள் என்றால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால், அவர்கள் வேடிக்கைக்காகச் செய்யவில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மேற்குப் பாலைவனத்தை ஒட்டிய ஒரு மலையைக் குடைந்து அந்தக் கடிகாரம் உருவாகிறது. பாகங்களை மலைக்குள் பொருத்தும் வேலை 2018இல் தொடங்கியது. பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. எல்லாமே சக்கரம், எடைக்கல், ஊசல்.

இதைக் கற்பனை செய்தவர் டேனி ஹில்லிஸ். ஆயிரக்கணக்கான கணிப்பான்களை ஒரே நேரத்தில் இயங்கவைத்து, 1980களில் உலகின் அதிவேகக் கணினிகளை வடிவமைத்தவர்களில் ஒருவர். விநாடியை மில்லியன் துண்டாக வெட்டிப் பிழைப்பு நடத்திய அந்த மனிதருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அவர் சிறுவனாக இருந்தபோது, எதிர்காலம் என்றால் எல்லாரும் 2000ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார்கள். முப்பது ஆண்டு கழித்தும் அதே 2000ஐப் பற்றித்தான் பேசினார்கள். ஒவ்வோர் ஆண்டும் எதிர்காலம் ஓர் ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று நகரும், நூற்றாண்டுக்கு ஒருமுறை முள் மாறும், ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை குயில் வெளியே வந்து கூவும் கடிகாரம் ஒன்று வேண்டும் என்று அவர் எழுதினார்.

அந்த ஆசையைச் சுற்றி 1996இல் ஓர் அறக்கட்டளை உருவானது. ‘நீண்ட இப்போது’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியவர் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. நியூயார்க்கில், பாழடைந்த ஒரு பகுதியில் அமைந்திருந்த ஆடம்பர வீட்டுக்கு அவர் விருந்துக்குப் போனார். இங்கே வசிப்பது பிடித்திருக்கிறதா என்று வீட்டுக்காரப் பெண்மணியிடம் கேட்டார். மிகவும் பிடித்திருக்கிறது என்றார் அவர். வெளியே இருந்த தெரு அவர் கணக்கிலேயே இல்லை. அவருடைய ‘இங்கே’ வாசற்கதவோடு முடிந்துவிட்டது. இடத்துக்கு இப்படி என்றால் காலத்துக்கும் அப்படித்தானே என்று ஈனோவுக்குத் தோன்றியது. நம்முடைய ‘இப்போது’ எங்கே முடிகிறது? இந்த வாரத்திலா, அடுத்த சம்பள நாளிலா?

அறக்கட்டளையினர் ஆண்டைக்கூட 01996 என்று ஐந்து இலக்கத்தில் எழுதுகிறார்கள். பத்தாயிரமாவது ஆண்டு வரும்போது இடம் போதவில்லை என்று யாரும் திண்டாடக் கூடாதாம்!

சரி, பத்தாயிரம் ஆண்டு ஓடும் இயந்திரத்தை எப்படிச் செய்வது? முதல் எதிரி தேய்மானம். பல்சக்கரங்கள் தேயத் தேயக் கணக்குப் பிசகும். அதனால் நாளையும் ஆண்டையும் கணக்கிட ஹில்லிஸ் கணினியின் வழியை எடுத்துக்கொண்டார். ஒரு முளை இந்தப் பக்கம் இருந்தால் சுழியம், அந்தப் பக்கம் இருந்தால் ஒன்று. முளை கொஞ்சம் தேய்ந்தாலும் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் குழப்பம் வராது. அடுத்த எதிரி துரு. அதற்காகக் கடலோரக் கட்டுமானங்களில் பயன்படும் எஃகும் டைட்டானியமும். எண்ணெய் போட ஆள் இருப்பார் என்று நம்ப முடியாது, அதனால் எண்ணெய் கேட்காத செராமிக் பேரிங்குகள்.

நேரம் தவறினால்? மலை உச்சியில் நீலமணிக் கண்ணாடி பதித்த ஒரு திறப்பு இருக்கிறது. உச்சிவெயில் அதன் வழியே உள்ளே இறங்கும்போது கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்ளும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டிலிருந்தே ஊசலுக்குத் தேவையான சக்தி கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி மனிதன்தான். பழங்காலக் கல்லறைகளைக் காலம் அழித்ததைவிடக் கொள்ளையர் அழித்தது அதிகம். ஆகவே, திருடி விற்றால் பெரிய விலைக்குப் போகும் பொருளைக் கடிகாரத்தில் வைக்கக் கூடாது என்பது ஒரு விதி. பார்த்தவுடன் அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய வேண்டும், வெண்கலக் காலத்துக் கருவிகளைக் கொண்டே பழுதுபார்க்க முடிய வேண்டும் என்பவை இன்னும் இரண்டு விதிகள். நாளை வருபவர் நம்மைவிடக் கெட்டிக்காரராக இருப்பார் என்று அவர்கள் எண்ணிக்கொள்ளவில்லை.

மணியோசையிலும் ஒரு கணக்கு உண்டு. மொத்தம் பத்து மணிகள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க 3,628,800 வரிசைகள் உள்ளன. பத்தாயிரம் ஆண்டில் இருப்பதும் ஏறக்குறைய அத்தனை நாள்கள்தான். இன்று ஒலிக்கும் வரிசை நாளை ஒலிக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஆள் வராவிட்டாலும் கடிகாரம் உள்ளுக்குள் நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். ஆனால் வெளியே காட்டாது. மலையேறி வருபவர் முகப்பைப் பார்த்தால், கடைசியாக ஒருவர் வந்துபோன நேரம்தான் தெரியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சக்கரத்தைத் தள்ளிச் சாவி கொடுத்தால் முள்கள் நகர்ந்து நகர்ந்து இன்றைய நேரத்துக்கு வந்து நிற்கும். மணியும் அப்போதுதான் ஒலிக்கும்.

இந்த மலைக்குச் சொந்தக்காரர் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ். அவர் 42 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்திருக்கிறார். நாளைக்கே பொருள் வீட்டுக்கு வர வேண்டும் என்று உலகத்தைப் பழக்கியவர் பத்தாயிரம் ஆண்டு பொறுமைக்குப் பணம் தருகிறார்! இன்று பசித்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டியதை மலைக்குள் புதைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. கோடீஸ்வரரின் பொம்மையாகவே இது நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு.

இரும்பையும் பாறையையும் நம்பாத வேறொரு வழியும் உலகில் இருக்கிறது. ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். வெறும் மரக் கட்டடம்தான். இடையில் தடைப்பட்ட காலங்கள் உண்டு என்றாலும் ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது. 2013இல் கட்டியது 62ஆவது முறை. அங்கே மரம் மாறுகிறது, கைத்திறன் மாறவில்லை. ஒரு முறை உதவியாளாக நின்ற இளைஞர் அடுத்த முறை தலைமைத் தச்சராகலாம். தந்தை செய்வதை மகன் பார்ப்பதற்கு இருபது ஆண்டு என்பது சரியான இடைவெளி.

டெக்சஸ் கடிகாரம் பொருளை நம்புகிறது, இசே ஆளை நம்புகிறது என்று முதலில் எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் கடிகாரமும் கடைசியில் ஆளிடம்தான் வந்து நிற்கிறது. யாராவது வந்து தள்ளினால்தான் அது பேசும்.

இதெல்லாம் நமக்குத் தொலைவான சங்கதி என்று எண்ண வேண்டாம். கடல்மட்டம் உயர்வதை எதிர்கொள்ள 50 முதல் 100 ஆண்டு காலத்தில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ செலவாகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். அந்தத் தடுப்புகள் காக்கப்போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவில்லை. பணம் கட்டப்போகும் நம்மில் பலர் அதன் முழுப் பலனையும் பார்க்கப்போவதில்லை. அதற்கு மனம் ஒப்ப வேண்டும் என்றால் நம்முடைய ‘இப்போது’ கொஞ்சம் நீளத்தான் வேண்டும்.

இன்று இரவு சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நம் வீட்டில் உள்ளவற்றில் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எது போய்ச் சேர வேண்டும்? பதிலில் பொருள் எதுவும் இல்லாமல் போகலாம். பாட்டியின் மீன்குழம்புப் பக்குவமாகவோ தாத்தா சொன்ன கதையாகவோ இருக்கலாம். அப்படியானால் அதற்கு இந்த வாரமே கொஞ்சம் சாவி கொடுத்து வையுங்கள்.