கட்டாயம் யாருக்கு?

பேரப்பிள்ளைகள் புண்ணியத்தில் பள்ளிக்கூட வாட்ஸ்அப் அறிவிப்புகளை நானும் படிக்கிறேன். 'பேரன்ட்ஸ் ஷுட் கம்பல்சரிலி அட்டெண்ட்', 'ஃபீஸ் ஷுட் பி கம்பல்சரிலி பெய்ட்'. ஒரே அறிவிப்பில் நாலு கம்பல்சரிலி!

'மஸ்ட்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை என்ன செய்தோம்? 'மஸ்ட் அட்டெண்ட்' என்றாலே வந்தே ஆகவேண்டும் என்றுதான் பொருள். 'ஷுட்' போட்டால் கொஞ்சம் இளகிவிடுகிறது. அதற்கு முட்டுக்கொடுக்கக் கம்பல்சரிலியைக் கூப்பிடுகிறோம்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வரும் வினை இது. பத்திரிகை வைக்கும்போது "கட்டாயம் குடும்பத்தோட வந்திடணும்" என்கிறோம். அது அன்பு. அதையே கம்பல்சரிலி போட்டுச் சொன்னால் கோர்ட் சம்மன் மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்டமோ அதிகாரமோ நிற்கும். இங்கிலாந்தில் உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் சட்டப்படி நிலத்தை எடுத்துக்கொள்வதற்குக் 'கம்பல்சரி பர்ச்சேஸ்' என்று பெயர். நம் அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 'கம்பல்சரிலி ரிட்டயர்டு' என்பது பெரிய தண்டனை. வயது முடிந்து ஓய்வு பெற்ற என்னை யாராவது அப்படி எழுதினால் சண்டைக்குத்தான் போவேன்.

இலக்கணத்தோடு போனால் பரவாயில்லை. 2009-இல் வந்த சட்டத்தின் பெயர் என்ன? இலவச மற்றும் கட்டாயக் கல்விக்கான குழந்தைகள் உரிமைச் சட்டம். இதில் வரும் 'கட்டாயம்' யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு, பெற்றவர்களுக்கு என்பார்கள். ஆசிரியர்களே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 8-ஆம் பிரிவைப் படியுங்கள். 6 முதல் 14 வயதுவரை ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசத் தொடக்கக் கல்வி தருவதும், சேர்க்கை, வருகை, படிப்பை முடித்தல் மூன்றையும் உறுதிசெய்வதும் அரசின் கடமை. அதுதான் அங்கே கட்டாயம். பெற்றோருக்கும் 10-ஆம் பிரிவில் கடமை உண்டு. ஆனால் தவறினால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

தண்டனை யாருக்கு இருக்கிறது தெரியுமா? 13-ஆம் பிரிவில், பள்ளிக்கு. சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால் அதுபோலப் பத்து மடங்கு வரை அபராதம். பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்துச் சலித்தாலும் அபராதம்.

நாலு கம்பல்சரிலி போடுகிறவர்கள் இதற்கு ஒன்றாவது போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்களா? பார்த்தவர்கள் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள்.