மாதவிலக்கு சரியானால் போதுமா?

சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் என்னிடம் வந்தால், "ஐயா, மூணு மாசமா தலைக்கு ஊத்தலை" என்பார்கள். ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி என்றிருக்கும். கழற்சிக்காய் சூரணம் கொடுப்பேன். மாதவிலக்கு வந்ததும் "குணமாயிடுச்சு" என்று போய்விடுவார்கள். நானும் வெகுநாள் அப்படியே அனுப்பிவிட்டேன். அது தப்பு.

இந்தக் கோளாறு சினைப்பையோடு நிற்பதில்லை. பல பெண்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி, ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை ஆபத்து உண்டு. இவர்கள் எல்லோருக்கும் இதய நோய் ஆபத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டி.

மத்திய அரசின் தொற்றாநோய்ப் பரிசோதனையோ 30 வயதில்தான் ஆரம்பிக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து, டீயும் பன்னும் சாப்பிட்டுத் தூங்கப்போகும் 22 வயதுப் பெண்ணை யார் பார்ப்பது?

சகோதரிகளே, வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம் பாருங்கள். நீர்க்கட்டி என்று தெரிந்ததுமே சர்க்கரை, கொழுப்பு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். இ.எஸ்.ஐ.க்காக உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, கூச்சப்படாமல் அங்கே போய்க் கேளுங்கள். தினம் அரை மணி நேரம் நடங்கள்.

சக சித்த வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை: நாடி பார்த்த கையோடு பி.பி.யும் பாருங்கள். அதனால் நம் வைத்தியத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.