ஆவலோடு இருப்பவரே கறாரான விமர்சகர்

பெரிய விருது பெற்ற இயக்குநர் ஒருவரின் அடுத்த படம் அறிவிக்கப்பட்டதும் ரசிகர்கள் துள்ளிக் குதிப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. படமே இன்னும் வரவில்லை, தேறுமா தேறாதா என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் என்ன கொண்டாட்டம் என்பது அவர்கள் கேள்வி. கட்-அவுட்டுக்குப் பாலூற்றுவதன் படித்த வடிவம்தான் இது என்றும் குத்திக்காட்டுவார்கள். ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரே-ஏடாவின் ரசிகர்களை முன்வைத்து இதை மறுக்கலாம் என்று நினைக்கிறேன். மனித உருவ இயந்திரம் ஒன்றைத் தங்கள் மகனாக வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளும் தம்பதியின் கதை என்று அவருடைய 'ஷீப் இன் தி பாக்ஸ்' அறிவிக்கப்பட்டபோது, அவர் படங்களை வரிசையாகப் பார்த்தவர்களுக்கு ஆவல் எழுந்ததில் வியப்பில்லை. அந்த ஆவலுக்குள் ஒரு மதிப்பீடு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது, இன்னொன்று தொடங்கியும் விட்டது. இயக்குநருக்குச் சலுகை தரும் குணம் அதற்குக் கிடையாது.

தொலைக்காட்சிக்கு ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த கொரே-ஏடா, 1995இல் 'மபொரோசி' வழியாகக் கதைப்படங்களுக்கு வந்தார். ஆவணப்படக்காரரின் பொறுமை அவரை விட்டுப் போகவேயில்லை. 2004இல் வந்த 'நோபடி நோஸ்' படத்தில், தாய் விட்டுப்போன நான்கு பிள்ளைகள் டோக்கியோவின் அடுக்குமாடி வீடொன்றில் தாங்களாகவே நாளைக் கடத்துகிறார்கள். 1988இல் அந்நகரில் தெரியவந்த உண்மைச் சம்பவம்தான் கதைக்கு அடிப்படை. படப்பிடிப்பை ஏறக்குறைய ஓராண்டுக்கு நீட்டி, பருவங்கள் மாற மாற எடுத்தார். பிள்ளைகள் கையில் வசனப் பிரதியைக் கொடுக்காமல், அந்தந்தக் காட்சியின்போது வாயால் சொல்லிக்கொடுத்தார். மூத்த பையனாக நடித்த யூயா யகிரா, கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகராகத் தேர்வானபோது அவனுக்கு வயது 14. மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போனது ஆறு ஆண்டுகள் கழித்துத் தெரியவரும் 'லைக் ஃபாதர், லைக் சன்' 2013இல் வந்தது. கடைகளில் திருடிப் பிழைக்கும் ஒட்டுக்குடும்பத்தைக் காட்டிய 'ஷாப்லிஃப்டர்ஸ்' 2018இல் கானின் தங்கப் பனை விருதைப் பெற்றது. பெற்றதால் பிள்ளையா, கூட இருந்து வளர்த்ததால் பிள்ளையா என்ற ஒரே கேள்வியை இவர் விடாமல் கிண்டிக்கொண்டிருக்கிறார் என்பது, படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தவருக்குத்தான் புலப்படும்.

புலப்பட்டபின் அந்தப் பார்வையாளர் இளகுவதில்லை, இறுகுகிறார். 2022இல் கொரியாவில் எடுத்த 'புரோக்கர்' இதற்குச் சரியான சான்று. பெற்றவர்கள் விட்டுச்செல்லும் சிசுக்களை எடுத்து விற்கும் இருவரின் கதை. அதில் நடித்த சோங் காங்-ஹோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. முதன்முறையாக கொரே-ஏடாவைப் பார்ப்பவருக்கு அது மனத்தைத் தொடும் பயணப் படம். 'ஷாப்லிஃப்டர்ஸ்' பார்த்தவருக்கோ குறை உடனே தெரிந்துவிடும். முந்தைய படத்தில் சட்டம் உள்ளே நுழைந்து குடும்பத்தைப் பிய்த்துப்போடும். விசாரணை அறையில் சகுரா ஆண்டோ உள்ளங்கையால் கண்ணீரை மறுபடி மறுபடி வழித்தெடுக்கும் அந்தக் காட்சியில், என்ன கேட்கப்போகிறார்கள் என்பதை நடிகைக்கு இயக்குநர் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. பதில் இல்லாத கேள்வியின் முன்னால் ஒரு முகம் என்ன செய்யும் என்பதை நாம் அங்கே பார்த்தோம். 'புரோக்கர்' படத்தில் சிசுவை விற்கக் கிளம்பியவர்கள் வழியிலேயே நல்லவர்களாகிவிடுகிறார்கள், பின்தொடரும் காவல் அதிகாரியின் மனமும் கனிந்துவிடுகிறது. கேள்வி அதேதான், ஆனால் இயக்குநர் தானே விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பிடிக்க, ஆவலோடு காத்திருந்தவரை விடத் தகுதியானவர் யார்?

விருதின் ஒளியில்தான் இந்த ஆவல் பிறக்கிறது என்ற வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. தங்கப் பனைக்குப் பிறகு கேத்தரின் தெனவ், ஜூலியட் பினோஷ் என்று பெரிய பெயர்களோடு பிரான்சில் எடுத்த 'தி ட்ரூத்' 2019இல் வெனிஸ் விழாவின் தொடக்கப் படமானது. விருதைப் பார்த்து வந்த கூட்டம் அதோடு கலைந்தது. அந்தப் படத்தைப் பற்றி இன்று பேசுவோர் குறைவு. அப்படிப்பட்ட ஆவலுக்காக நான் வாதாடவில்லை. (விருதைச் சுற்றிய ஆரவாரம் கொரே-ஏடாவுக்கே பிடித்ததாகத் தெரியவில்லை. தங்கப் பனையை முன்னிட்டு ஜப்பானியக் கல்வி அமைச்சர் பாராட்ட முன்வந்தபோது, அதிகாரத்திடமிருந்து விலகி நிற்கவே விரும்புவதாகச் சொல்லி மறுத்துவிட்டார்.)

விருதைப் பற்றிய அந்த வாதத்தைவிட வலுவான மறுப்பு வேறொன்று இருக்கிறது. சினிமா பலர் கூடிச் செய்வது, அதை ஒருவர் பெயரில் எழுதிவைப்பது பொய்க்கணக்கு என்பார்கள். 2023இல் வந்த 'மான்ஸ்டர்' அவர்கள் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும். 'மபொரோசி'க்குப் பிறகு கொரே-ஏடா தானே திரைக்கதை எழுதாத முதல் படம் அது. எழுதியவர் யூஜி சகமோட்டோ. கானில் திரைக்கதை விருதும் அவருக்கே போனது. இசை, அந்த ஆண்டு மார்ச்சில் மறைந்த ரியூயிச்சி சகமோட்டோவுடையது. ஒரே நிகழ்வுகளைத் தாய், ஆசிரியர், சிறுவர்கள் என்று மூன்று சுற்றாகச் சொல்லும் கட்டுமானம் கொரே-ஏடாவின் இயல்புக்குச் சற்று அந்நியமானது. அவர் இவ்வளவு கச்சிதமாக முடிச்சுப் போடுபவர் அல்லர். ஆனால் எது எழுத்தாளருடையது, எது இயக்குநருடையது என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? முந்தைய படங்களோடு பழகியவரால்தானே. இம்முறை சிறுவர்களுக்கு வசனப் பிரதி முன்கூட்டியே தரப்பட்டது என்ற தகவல்கூட அவருக்குத்தான் பொருள்படும். பெயரைப் பின்தொடர்வது கூட்டு உழைப்பை மறைக்கும் என்கிறார்கள். இங்கே கூட்டு உழைப்பைப் பிரித்துக்காட்டியதே அந்தப் பின்தொடர்தல்தான்.

ஒன்றும் தெரியாமல் போய் உட்காருவதே நல்ல அனுபவம் என்பவர்களுக்கும் 'மான்ஸ்டர்' உதாரணமாகலாம். கடைசிப் பகுதிவரை அது ஒன்றை மறைத்து வைக்கிறது. ஆனால் அந்த மறைப்பே விமர்சனத்துக்கு உள்ளானது. இரண்டு சிறுவர்களுக்கிடையே மலரும் அன்பைப் பார்வையாளர் அவிழ்க்கவேண்டிய புதிராக ஆக்கலாமா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. 'நோபடி நோஸ்' படத்தில் பிள்ளைகளைப் பற்றிக் கேமரா எதையும் ஒளித்துவைக்கவில்லை. அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அந்த நினைவோடு போனவருக்கு 'மான்ஸ்டர்' படத்தின் சாமர்த்தியம் கொஞ்சம் உறுத்தும். வெறுமனே போனவர் அதே சாமர்த்தியத்துக்குக் கைதட்டிவிட்டு வருவார். இரண்டில் எது குருட்டு ரசனை?

ஆகவே 'ஷீப் இன் தி பாக்ஸ்' மீதான ஆவலும் சந்தேகத்தோடு கலந்தே இருக்கும், இருக்கவும் வேண்டும். ரத்தம், வளர்ப்பு என்ற பழைய கேள்வியோடு இயந்திரத்தைச் சேர்ப்பது காகிதத்தில் அழகாக இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே அழகாக. திரைக்கதையும் அவருடையதே என்பதால் பழியைப் பங்குபோட ஆளில்லை. கொரே-ஏடாவின் பெரிய பலம் பிள்ளைகள் வளர்வதைப் படம்பிடித்ததுதான். யகிராவின் உயரமும் குரலும் மாறியதை வைத்தே 'நோபடி நோஸ்' காலத்தைச் சொன்னது. ஆறு ஆண்டுகள் கூடவே வளர்ந்தான் என்பதால்தான் 'லைக் ஃபாதர், லைக் சன்' படத்தின் தகப்பனால் கைமாற்றிய பின்னும் பையனை விட்டுவிட முடியாமல் போனது. வளராத பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுவந்தபின் அந்தக் காலத்தை அவர் யார் முகத்தில் காட்டப்போகிறார் என்பதுதான் படத்தின் மேல் எனக்கிருக்கும் முதல் கேள்வி.