ஓய்வும் பயிற்சியே!

கால்பந்தாட்டத்தின் வெற்றி மைதானத்தில் மட்டுமே தீர்மானிக்கப்படுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். ஆட்டம் முடிந்தபின் வீராங்கனை எவ்வாறு களைப்பாறுகிறாள் என்பதும் அதில் பங்கு பெறுகிறது என்பதே என் கருத்து.

90 நிமிட ஆட்டத்தில் தேர்ந்த வீராங்கனை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறாள். ஓடி, சட்டென நின்று, திரும்பிப் பாயும்போது தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அதனால்தான் அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குத் தொடை வலிக்கிறது. லாக்டிக் அமிலமே இவ்வலிக்குக் காரணம் என்பர் சிலர். அதுவோ ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும்!

இதற்கு மருந்து யாது? ஐஸ் தண்ணீர்க் குளியல் வலியைச் சற்றுத் தணிக்கும், தைலம் இதமளிக்கும். ஆனால் தசையைச் சீராக்குபவை உணவும் உறக்கமுமே. ஆட்டம் முடிந்ததும் சிறிது நடந்து, நீர் பருகி, தாமதியாமல் சோறும் பருப்பும் முட்டையும் உண்ண வேண்டும். நம் வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை.

அன்புப் பெற்றோரே! மகன் விளையாடிக் களைத்து வந்தால் "கொஞ்சம் படுத்துக்கொள்" என்கிறீர்கள். மகள் வந்தால் பாத்திரம் துலக்கச் சொல்கிறீர்கள். இது முறையா? 2018இல் இறுதியாட்டத்தில் மணிப்பூரை வென்று தேசிய மகளிர் பட்டத்தைத் தமிழ்நாடு பெற்றது. அத்தகைய வீராங்கனை உங்கள் இல்லத்திலும் உருவாகலாம் அல்லவா?

தோழியரே! சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். நன்றாக விளையாடுவோம், நன்றாக உண்போம், கூச்சமின்றி ஓய்வெடுப்போம்!