கூடத்தில் படிந்த செம்மண்

போன இதழில் வற்றல், வடாம் பற்றி எழுதியிருந்தேன். "மாடியில் காய வைத்தால் தூசி படிகிறதே, என்ன செய்ய?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அதைப் படித்ததும் பழைய கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வடாமை மூடி வைக்கலாம். பிள்ளையின் மூக்கை மூட முடியுமா?

எங்கள் வீடு முடிச்சூரில். வண்டலூரில் ஆரம்பித்து மீஞ்சூர் வரை போகிறதே வெளிவட்டச் சாலை, அது எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. மொத்தம் 62 கிலோமீட்டர். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014-ல் திறந்தார்கள். மீதி 2021-ல் திறந்தது. அந்த முதல் பகுதிக்கு மண் கொட்டி மேடு எழுப்பிய நாட்களில் என் சின்னப் பெண்ணுக்கு நாலு வயது.

காலையில் துடைத்த கூடத்தில் பத்து மணிக்கு விரலால் கோலம் போடலாம், அத்தனை செம்மண்! "ரோடு வந்தா ஊருக்கே நல்லதுதானே" என்பார் வீட்டுக்காரர். அதுவும் வாஸ்தவம்தான். நான் பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

பெண்ணுக்கு ராத்திரியில் இருமல். நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி இழைப்பு. "தயிரை நிறுத்து, தலைக்கு ஊத்தாதே" என்றார் என் மாமியார். இரண்டையும் நிறுத்தினேன். இழைப்பு மட்டும் நிற்கவில்லை. திருட்டுத்தனமாக ஐஸ் தின்கிறாளோ என்று ஒரு நாள் அடித்துக்கூட விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு வலிக்கும்.

டாக்டரம்மா ஒன்று சொன்னார்: "என்னிக்கு ஜாஸ்தியா வருதுன்னு குறிச்சு வைங்கம்மா." பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே சிவப்புப் பொட்டு வைத்தேன். மார்கழி, தை இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மழை பெய்த நாட்களில் பொட்டு இல்லை. பொங்கலுக்கு லாரி ஓடாத நாட்களிலும் இல்லை. போகியன்று பெரிய பொட்டு. அதோடு, ஒட்டடை அடித்து, காய்ந்த துடைப்பத்தால் வீடு முழுக்கப் பெருக்கிய வெள்ளிக்கிழமைகளிலும் பொட்டு! பாதிக் குற்றம் ரோட்டு வேலையுடையது என்றால், மீதி என் துடைப்பத்துடையது.

டாக்டரம்மா விளக்கினார். பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூசி நேரே நுரையீரலின் அடி வரை போய்விடும். டீசல் புகையில் அதுதான் அதிகம். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறவர்கள். எடைக்குத் தகுந்தபடி பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். மார்கழிக் குளிரில் காற்று கனத்துத் தரையோடு தங்குவதால் புகையும் மேலே போகாது.

நுண்தூசி ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் 15 போதும் என்று சொல்லிவிட்டது.

நாங்கள் ஐந்தாறு பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை நடந்த இடத்துக்கே போனோம். "தண்ணி தெளிங்கய்யா, லாரிக்குத் தார்ப்பாய் போடுங்க" என்றோம். நாலு நாள் தெளித்தார்கள், அப்புறம் மறந்தார்கள். மறுபடியும் போனோம். இப்போது உங்கள் பக்கம் சட்டமே இருக்கிறது. தோண்டிய மண்ணை மூட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2018 ஜனவரியில் விதி போட்டிருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டில் நான் மாற்றிக்கொண்டவை இவை: காய்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணி. லாரி ஓடும் நேரத்தில் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, கொல்லைப்பக்க ஜன்னலைத் திறப்பது. குழந்தையின் துணியையும் போர்வையையும் உள்ளே காய வைப்பது. சாம்பிராணி, கொசுவர்த்தி இரண்டும் அவள் அறையில் கிடையாது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினால் பெரிய தூசிதான் நிற்கும், நுண்தூசி நிற்காது.

இன்னொன்று. மூச்சுக்குழாய்க்கு அடிக்கும் பம்பை டாக்டரம்மா எழுதிக் கொடுத்தும், "பழக்கமாயிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று வாரம் வாங்காமல் இருந்தேன். அது பழக்கமாகிற மருந்து இல்லை. கொஞ்சமே மருந்து, நேரே நுரையீரலுக்குப் போகிறது. நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். குழந்தை மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மண் வேலை முடிந்ததும் செம்மண் போய்விட்டது. வண்டிப் புகை போகவில்லை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு இந்தப் பக்கம் வண்டிகள் இன்னும் கூடிவிட்டன. அதற்காக ரோடே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே ரோட்டில்தான் என் பெண் இன்று காலேஜுக்குப் போகிறாள். வாசலில் நின்று "சாப்பாடு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்பதற்கு முன்னால், "பம்பு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்கிறேன்.

வடாம் கேட்ட சகோதரிக்கு: பழைய வெள்ளை வேட்டியை மேலே கட்டிவிடுங்கள். சாயங்காலம் அந்த வேட்டி என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அதைத்தான் நம் பிள்ளைகள் நாள் முழுக்க சுவாசிக்கிறார்கள்.