திரைக்குள் ஒரு தோட்டம்

இளையோருக்கென எழுதப்படும் அறிவியல் புனைகதை என்றவுடன் தமிழ் எழுத்துலகில் ஒரு முகச்சுளிப்பு எழுவது வழக்கமாகிவிட்டது. அதிலும் கணினி விளையாட்டுகள் படைக்கும் மெய்நிகர் உலகங்களைப் பற்றிய கதை என்றால், அது மேலைநாட்டுச் செல்வச் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்றும், கேமரன் மலையின் தேயிலைச் சரிவில் பிறந்த பிள்ளைக்கு அதனால் ஆவது யாது என்றும் வினவுவோர் பலர். இவ்வினாவில் அக்கறை இருப்பதுபோல் தோன்றும். உள்ளே இருப்பதோ அறியாமை. பிறருக்குச் சொந்தமான உலகில், பிறர் வகுத்த விதிக்குக் கட்டுப்பட்டு உழைப்பது எத்தகையது என்பதைத் தோட்டத்துத் தமிழனைவிட நன்கறிந்தவன் எவன்? அக்கதையை எழுதும் முதல் உரிமை அவனுக்கே உரியது. அவன் இன்னும் எழுதவில்லை என்பதே குறை.

தோட்டம் என்பதே ஒருவர் திட்டமிட்டுப் படைத்த உலகம் அன்றோ? 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காகச் சென்ற மலைநாட்டில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காடு திருத்தப்பட்டது; பாதை போடப்பட்டது; தேயிலைச் செடிகள் நிரை நிரையாக எழுந்தன. (அங்கே செமாய் மக்கள் அதற்கு முன்பே வாழ்ந்திருந்தனர். புது உலகம் படைப்போர் பழைய குடிகளை வரைபடத்தில் காண்பதில்லை.) மலாயாத் தோட்டங்களின் பொது அமைப்பைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். குடியிருக்கும் லயம் நிர்வாகத்தினுடையது. நடக்கும் பாதை நிர்வாகத்தினுடையது. பெரட்டு மணி அடிப்பதும் நிர்வாகமே. விதியை மாற்றும் அதிகாரம் மேட்டில் இருந்த பங்களாவுக்கு மட்டுமே இருந்தது. விளையாடுவோன் விதியை மாற்ற இயலாது; வெளியேறலாம், அவ்வளவே. அவ்வாறு வெளியேறினாலும் ஈட்டியதை உடன் எடுத்துச் செல்ல இயலாது. இன்றைய விளையாட்டு உலகங்களின் இலக்கணமும் இதுவேயாகும்.

ஒப்புமை வலிந்து கூறப்படுவதாகத் தோன்றினால், 2021இல் பிலிப்பைன்சில் நிகழ்ந்ததைப் பார்க்கலாம். ஆக்சி இன்ஃபினிட்டி என்பது வியட்நாமிய நிறுவனம் ஒன்றின் விளையாட்டு. அதில் போரிடும் கற்பனை உயிரிகள் மூன்றை விலைகொடுத்து வாங்கிய பின்னரே அன்று ஆடத் தொடங்க முடிந்தது. ஆடி வென்றால் கிடைக்கும் மின்காசைச் சந்தையில் விற்றுப் பணமாக்கலாம். கொள்ளைநோயால் வேலை இழந்த ஏழை மக்கள் இதனைப் பிழைப்பாகக் கொண்டனர். ஆனால் அம்மூன்று உயிரிகளின் விலை அவர்களுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. உடனே இடையில் ஒரு வகுப்பார் தோன்றினர். உயிரிகளை வாங்கி ஏழைகளுக்கு இரவல் கொடுத்து, அவர்கள் நாள்தோறும் ஆடி ஈட்டியதில் பங்கு பெற்றனர். இரவல் கொடுத்தவருக்கு 'மேலாளர்' என்று பெயர். ஆடியவருக்கு 'ஸ்காலர்', அதாவது உதவித்தொகை பெறும் மாணாக்கர், என்று பெயர். கல்விக்குரிய சொல்லைக் கூலிக்குச் சூட்டிய இத்துணிவு எந்தத் துரைக்கும் தோன்றாதது. 2022 மார்ச்சில் அவ்விளையாட்டின் வலையமைப்பிலிருந்து 60 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் களவு போயிற்று. மின்காசின் விலையோ அதற்கு முன்பே சரியத் தொடங்கி, அவ்வாண்டிலேயே படுத்துவிட்டது.

ஆளைக் கொணர்ந்து சேர்த்து, அவன் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றவனுக்குத் தமிழில் கங்காணி என்று பெயர். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறையும் இருந்தது. கங்காணியின் கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமாயின், கடனைத் தீர்த்தால் ஆள்களை விடுவிப்பதாகத் துரை ஒரு தாள் எழுதித் தருவார். புதிய துரை பணம் கட்டுவார். கடனும் ஆளும் ஒன்றாகக் கைமாறும். 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. கங்காணி, தலைக்காசு, துண்டு என ஆங்கிலப் புனைகதை இன்று தேடித் திரியும் கருப்பொருள்கள் யாவும் தமிழரின் பாட்டன் வழிச் சொத்தாகவே கிடக்கின்றன.

மேலைநாட்டார் இவற்றை எவ்வாறு எழுதினர்? எர்னஸ்ட் கிளைன் 2011இல் வெளியிட்ட 'ரெடி பிளேயர் ஒன்' உலகெங்கும் விற்ற நாவல். 2018இல் ஸ்பீல்பெர்க் அதனைத் திரைப்படமாக்கினார். மக்கள் யாவரும் ஒரே விளையாட்டு உலகில் வாழும் வருங்காலம் அதில் வருகிறது. கடன் கட்டத் தவறியோரைப் பிடித்து அடைத்து வேலை வாங்கும் கொடிய நிறுவனமும் உண்டு. அக்கடன் அடிமைகளுக்கு ஆசிரியர் இட்ட பெயர் ஒப்பந்தக் கூலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே. மலாயாவில் அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது என்பதை நினைத்தால் ஆசிரியரின் வருங்காலம் எவ்வளவு பழையது என்பது புலப்படும். முடிவில் நிகழ்வது யாது? இறந்துபோன முதலாளியின் உயிலின்படி, கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் போட்டியில் வென்று அவ்வுலகுக்கு உரிமையாளன் ஆகிறான். கெட்ட துரை போனான், நல்ல துரை வந்தான். தோட்டம் அப்படியே இருக்கிறது! திரைப்படத்தில் புதிய துரை செய்யும் பெருஞ்சீர்திருத்தம், வாரத்தில் இரண்டு நாள் விளையாட்டை மூடிவைப்பது. மலையேறி வந்த தலைமுறைகள் காத்திருந்து காத்திருந்து ஏமாந்த கதை இதுதான்.

கோரி டாக்டரோ 2010இல் இளையோருக்கென எழுதிய 'ஃபார் தி வின்' இதனினும் மேலானது. விளையாட்டுக்குள் பொன் திரட்டிச் செல்வர்க்கு விற்கும் ஏழை இளைஞர்கள், சீனத்திலும் மும்பையின் தாராவியிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, அவ்விளையாட்டின் ஊடாகவே ஒருவரையொருவர் கண்டு தொழிற்சங்கம் அமைக்கின்றனர். பொருளியல் பாடம் ஆங்காங்கே கதையை நிறுத்தி வைக்கிறது என்பது உண்மையே. எனினும் வினா சரியானது. தாராவிச் சிறுமியைக் கதைத்தலைவியாகக் காணக் கனடாவில் பிறந்த ஒருவர் வேண்டியிருந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்ட நாட்டின் தமிழ் எழுத்தாளருக்கு இக்கரு தோன்றாமற் போனது ஏன்?

தமிழுக்கு இத்துறை புதிதென்றும் சொல்லித் தப்ப இயலாது. 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் நாட்டை ஆளும் சர்வாதிகாரி ஜீவா, ஒளியால் ஆக்கப்பட்ட வெறும் பிம்பம். இல்லாத ஒருவனுக்கு மக்கள் அஞ்சி நடக்கின்றனர். அந்நாவலைப் படித்தோர் ஜீனோ என்னும் இயந்திர நாயையே நினைவிற் கொண்டனர், அரசியலை மறந்தனர்.

மலேசியத் தமிழ்ப் புனைகதை லயத்தையும் பால்மரத்தையும் உருக்கமாகவே பாடியிருக்கிறது. அதனை இகழ்வதற்கில்லை. ஆயினும் இன்று கேமரன் மலையில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பிடித்து நடப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் ஆவர். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் கையில் இருப்பது கூடை அன்று, கைப்பேசி. மொபைல் லெஜன்ட்ஸ் விளையாட்டின் முதல் உலகப் போட்டி 2019இல் கோலாலம்பூரிலேயே நடந்தது. அப்பிள்ளைக்கு எழுத்தாளர் தருவது யாது? பாட்டியின் கண்ணீர்க் கதை ஒன்று. 'விளையாடாதே, படி' என்னும் அறிவுரைக் கதை ஒன்று.

உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை 2019இல் நோயாக ஏற்றது என்று எடுத்துக்காட்டுவோர் உண்டு. மெய்தான். தோட்டத்துக் கள்ளும் கேடு விளைத்தது மெய்தான். ஆனால் 1946-47இல் கெடாவில் கள்ளுக்கடை முன் மறியல் செய்த தொண்டர் படையினர் குடித்தவனைத் திருத்தியதோடு நிற்கவில்லை. கூலி கொடுத்த தோட்டத்திலேயே கள்ளுக்கடை ஏன் இருக்கிறது, அப்பணம் எங்கே திரும்பிப் போகிறது என்று கேட்டனர். இன்றைய அறிவுரைக் கதை பிள்ளையைக் கண்டிக்கிறது. கடையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ரோப்லாக்சில் பிள்ளைகள் உட்படப் பயனரே ஆட்டங்களை உருவாக்குகின்றனர். அங்கே ஆடுவோர் ரோபக்சை வாங்கும் விலை வேறு; உருவாக்கியவர் ஈட்டியதைப் பணமாக்கும்போது நிறுவனம் தரும் விலை வேறு. இரண்டாவது முதலாவதில் ஒரு சிறு பங்கே. நிறுவைத் தட்டில் கொழுந்தைக் கொட்டிவிட்டுக் கிராணியின் முகத்தையே பார்த்து நின்ற பெண்ணின் பேத்திக்கு இக்கணக்கு விளங்காதா? விளங்கும்படி கதையாகச் சொல்வார் வேண்டும்.

சொல் இல்லை என்பது மற்றொரு சாக்கு. மெய்நிகர், இணையம், செயலி எனச் சொற்கள் பாடநூல்களிலேயே வந்துவிட்டன. இல்லாதவற்றைப் பிள்ளைகள் வழங்கும் சொல்லாலேயே எழுதினால் போதும்.

எழுத்தாளர் சங்கங்கள் நடத்தும் சிறுகதைப் போட்டிகளில் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வாசகருக்கான அறிவியல் புனைகதைக்குத் தனிப்பிரிவு ஒன்றை வைக்க வேண்டும். தேர்ந்த கதைகளைத் தொகுத்து, தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கும் அவற்றை முடித்து இடைநிலைப்பள்ளி சென்ற மாணவருக்கும் அனுப்ப வேண்டும். நடுவர் குழுவில் அவ்விளையாட்டுகளை ஆடியறிந்த இளைஞர் ஒருவரேனும் இருத்தல் நன்று. கதையின் இறுதியில் நீதி இல்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தையும் அந்நடுவர்கள் விட்டொழிக்க வேண்டும்.