சின்ன அறைக்குள் முழுக் குடும்பமும்: அகலக்கோண லென்ஸ் வாங்குமுன்



கமெரா எடுத்துத் தொழில் செய்யும் சகோதரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கமெராவோடு வந்த லென்சில் எல்லாரையும் அடக்க முடியவில்லை. அகலமாக எடுக்கும் லென்ஸ் வாங்கலாமா? எதை வாங்குவது?" இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

இடம்பெயர்வுகளில் அல்பங்களைக் கைவிட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு சாமத்தியச் சடங்கோ கல்யாணமோ நடக்கும்போது, ஓரத்தில் நின்ற அம்மம்மா படத்தில் பாதியாக வெட்டுப்பட்டால் அது சிறிய குறையல்ல. பெண்பிள்ளைக்குச் சேலை உடுத்தும் அறைக்குள் போய்ப் படமெடுக்கப் பெண் ஒருவரையே பல தாய்மார் விரும்புகிறார்கள். அந்த வேலை நமக்குக் கிடைக்கிறது. ஆனால் அறைதான் சிறியது.

ஏன் 18 போதாமல் போகிறது?

நம்மில் பெரும்பாலானோர் வைத்திருப்பது 18-55 மி.மீ. லென்சோடு வரும் கமெரா. அதன் உள்ளே ஒளியைப் பதிவுசெய்யும் தகடு பழைய பிலிம் அளவை விடச் சிறியது. பிலிமின் அகலம் 36 மி.மீ.; நிக்கொன் டி.எக்ஸ். கமெராக்களில் தகட்டின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ., இவ்வகைக் கெனன் கமெராக்களில் ஏறத்தாழ 22.3 மி.மீ. தகடு சிறிதானால் லென்ஸ் காட்டும் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். ஆகவே 18 மி.மீ. லென்ஸ் நம் கமெராவில் பிலிம் கமெராவின் 27 அல்லது 29 மி.மீ. லென்ஸ் போலவே காட்டும்.

இதைக் கணக்காகச் செய்து பார்க்கலாம். தகட்டின் அகலத்தை லென்சின் மி.மீ. எண்ணால் பிரித்து, ஆட்கள் நிற்கும் தூரத்தால் பெருக்கினால், படத்தில் அடங்கும் அகலம் வரும். மீள்குடியேற்றத்தின் பின் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகளில் பல 550 சதுர அடி அளவானவை. அத்தகைய வீட்டின் அறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும், ஆட்களுக்கும் கமெராவுக்கும் இடையே 6 அடிதான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம்.

கெனன் கமெராவில்:
18 மி.மீ. - அகலம் 7.4 அடி, உயரம் 5 அடி.
12 மி.மீ. - அகலம் 11 அடி, உயரம் 7.4 அடி.
10 மி.மீ. - அகலம் 13.4 அடி, உயரம் 9 அடி.

ஓர் ஆளுக்கு ஒன்றரை அடி என்று பார்த்தால், 18இல் ஐந்து பேர்கூட நெருக்கித்தான் நிற்க வேண்டும். தலை முதல் கால் வரையும் அடங்காது. 12இல் ஏழு பேர் முழுமையாக அடங்குவர். 10க்கும் 12க்கும் வித்தியாசம் இரண்டு மி.மீ.தான், ஆனால் படத்தில் அது 2 அடிக்கு மேல். எனவே அகலக்கோண லென்சில் ஒவ்வொரு மி.மீ.க்கும் பெறுமதி உண்டு.

எந்த லென்ஸ்?

முதலில் ஓர் எச்சரிக்கை. முழு அளவுத் தகட்டுக் கமெராவுக்கென வந்த 17-40 அல்லது 16-35 மி.மீ. லென்சைக் காட்டி "இதுதான் அகல லென்ஸ்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். அவை நல்ல லென்சுகள்தான். ஆனால் நம் கமெராவில் 17 என்பது ஏற்கெனவே உள்ள 18க்குப் பக்கத்து வீடு. கூடிய பணம் கொடுத்தும் அகலம் கிடைக்காது. நமக்கு வேண்டியது 10, 11 அல்லது 12இல் தொடங்கும் லென்ஸ்.

கெனன் வைத்திருப்போருக்கு, 2014இல் வந்த 10-18 மி.மீ. எஸ்.ரி.எம். லென்ஸ் சிக்கனமானது. எடை 240 கிராம்தான். கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதியும் உண்டு. 2004இல் வந்த 10-22 மி.மீ. லென்சில் அந்த வசதி இல்லை. ஆனால் ஒளி சற்றுக் கூடுதலாகப் புகும். கண்ணாடியில்லாப் புதிய கெனன் கமெராவில் இவ்விரண்டும் நேரே பூட்டாது. அதற்குரிய இணைப்பு வளையம் வேண்டும்.

நிக்கொன் வைத்திருப்போருக்கு, 2017இல் வந்த 10-20 மி.மீ. ஏ.எப்.-பி. லென்ஸ் இலேசானது, நடுக்கக் குறைப்பும் உண்டு. ஆனால் டி 90, டி 3100, டி 3200, டி 5100 போன்ற பழைய கமெராக்களில் அது குவியமே எடுக்காது. கையால் திருப்பினாலும் பயனில்லை. அவர்கள் 2009இல் வந்த 10-24 மி.மீ. லென்சைப் பார்க்கலாம்.

டோக்கினா 11-16 மி.மீ. லென்ஸ் 2008இல் வந்தது. அதன் சிறப்பு, சூம் முழுவதும் எஃப் 2.8 திறப்பு. எஃப் 5.6 ஐ விட நான்கு மடங்கு ஒளி புகும். மங்கலான மண்டபத்திலும் இரவுத் திருவிழாவிலும் இது பெரிய உதவி. ஆனால் நிக்கொனுக்கான அதன் முதற் பதிப்பில் குவிய மோட்டார் இல்லை. டி 3000, டி 5000 வரிசைக் கமெராக்களில் தானாகக் குவியாது. 2012இல் வந்த இரண்டாம் பதிப்பில் மோட்டார் உண்டு. சிக்மா 10-20, டம்ரொன் 10-24 ஆகியனவும் பாவித்த நிலையில் கிடைக்கக்கூடியவை.

நடுக்கக் குறைப்பு, அசையாத பொருளுக்கே உதவும். ஓடும் பிள்ளையை உறைய வைக்க ஒளிதான் வேண்டும். வீட்டுக்குள்ளும் பகலிலும் வேலை என்றால் இலேசான 10-18 அல்லது 10-20 போதும். ஃப்ளாஷ் பாவிக்க முடியாத இடங்களில் அதிக வேலை என்றால் எஃப் 2.8 ஐ யோசியுங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்கும்போது

2022இல் ரூபா வீழ்ந்த பின் புதிய சாமான் வாங்குவது பலருக்கும் எட்டாததாயிற்று. பாவித்ததை வாங்குவதில் வெட்கமில்லை, கவனம்தான் வேண்டும்.

1. உங்கள் கமெராவைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள்.
2. டோர்ச் ஒளியை ஒரு பக்கம் பிடித்து மறு பக்கத்தால் உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்க வேண்டாம்.
3. சுவரில் பத்திரிகைத் தாள்களை ஒட்டி, நேராக நின்று ஒரு படம் எடுங்கள். ஒரு பக்கம் தெளிவாகவும் மறு பக்கம் கலங்கியும் இருந்தால் லென்ஸ் அடிபட்டிருக்கலாம்.
4. சூம் வளையமும் குவிய மோட்டாரும் இறுக்கமோ கரகரப்போ இல்லாமல் இயங்க வேண்டும்.

வாங்கிய பின், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். கடற்காற்று வீசும் ஊர்களில் இது கட்டாயம்.

எடுக்கும் முறை

இந்த லென்ஸ் ஓரத்தில் நிற்பவரை இழுத்து அகலமாக்கும். ஓரத்தில் நிற்கும் மாமி இரு மடங்கு பருமனாகத் தெரிந்தால் அடுத்த வேலை கிடைக்காது! எனவே இரு ஓரங்களிலும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். பெரிய குடும்பமென்றால் இரு வரிசையாக்கி, முன்வரிசையை இருத்துங்கள். கமெராவை நெஞ்சளவில், மேலே கீழே சரிக்காமல் பிடியுங்கள். சரித்தால் சுவரும் கதவும் சாய்ந்து தெரியும். கமெராவிலுள்ள சிறு ஃப்ளாஷ் இவ்வளவு அகலத்துக்கு எட்டாது; லென்சின் நிழலும் கீழே விழும். தனி ஃப்ளாஷை வெள்ளைக் கூரைத்தட்டை நோக்கித் திருப்பி அடியுங்கள். முற்றத்தில் இடமிருந்தால் வெளியே வந்து பழைய 18-55 ஐயே பாவியுங்கள். முகங்கள் இயல்பாக வரும்.

விருந்தினர் விடுதிகளுக்கு அறைகளைப் படமெடுத்துக் கொடுப்பதும் இந்த லென்ஸ் தரக்கூடிய இன்னொரு வருமானம்.

கடன் வாங்குமுன்

வாராந்தக் கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் வேதனை நம்மில் பலருக்குத் தெரியும். ஆகவே அவசரம் வேண்டாம். கடைசியாகச் செய்த ஐந்து வேலைகளின் படங்களைக் கணினியில் திறந்து பாருங்கள்; ஒவ்வொரு படமும் எத்தனை மி.மீ.இல் எடுக்கப்பட்டது என்று அதிலேயே இருக்கும். 18இல் முட்டி நின்ற படங்கள் சிலவே என்றால் லென்ஸ் இப்போது தேவையில்லை. அடுத்து, "0.5" என்ற அகலக் காட்சி உள்ள கைத்தொலைபேசி வீட்டில் இருந்தால் அதில் எடுத்துப் பாருங்கள், 10 மி.மீ. லென்சின் பார்வை ஏறத்தாழ அப்படித்தான். பிறகு தெரிந்த ஸ்ரூடியோவில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒரு சடங்கைச் செய்து பாருங்கள்.

அதன் பின் கணக்கு. லென்ஸ் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதனால் ஒரு வேலையில் கூடுதலாக 3,000 ரூபா மிஞ்சுமானால், முதல் மீள 20 வேலைகள் வேண்டும். மாதம் இரண்டு வேலை வருபவருக்குப் பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் தவணை கட்டிக்கொண்டு அடுப்பும் எரியுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். எரியாது என்றால், ஒரே ஊரில் தொழில் செய்யும் இருவர் மூவர் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பாவிக்கலாம். கமெராக்கள் ஒரே நிறுவனத்தவையாக இருப்பதோடு, அந்த லென்ஸ் ஒவ்வொரு கமெராவிலும் இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். யாருக்கு எந்த நாள், பழுதானால் யார் திருத்துவது என்பதை மட்டும் முதலிலேயே கொப்பியில் எழுதி, எல்லாரும் கையொப்பமிட்டு வையுங்கள்.